சத்தம் போடாத கூலர்

கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் வலது காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலை உயர்த்துகிறார் மோகனசுந்தரம். யாரும் பேசக்கூடாது என்று அர்த்தம். முதலமடையில் பதினைந்து ஏக்கர் மாந்தோப்புக்காரர். தோப்பில் ஆட்களை விரட்டும் அந்தக் குரல் இந்த அறைக்குள் வந்தால் குசுகுசுப்பாகிவிடும். "சித்தெ இருங்க. ஏதோ முனகுதுங்க" என்கிறார். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கே அந்த முனகல் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

எதையும் அதன் போக்கில் விடுகிற ஆளில்லை அவர். தண்ணீர் மோட்டார், மொபெட், வீட்டு மிக்ஸி எல்லாம் அவர் கை பட்டு வேகம் கூடியவை. மிக்ஸி சட்னியைக் கூரைக்கு அனுப்பியது தனிக்கதை. கம்ப்யூட்டரின் பிராசசரையும் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றிவிட்டார். "கம்பெனிக்காரன் பயந்துட்டு ஒரு அளவு வெச்சிருப்பானுங்க. நாம எதுக்குப் பயப்படோணும்?" இவ்வளவு வேகமும் எதற்கென்றால், பகலெல்லாம் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து, சாயங்காலம் டிராக்டர் ஓட்டும் கேம் விளையாடத்தான். வேகம் ஏறியதும் சூடு ஏறியது. சூடு ஏறியதும் பிராசசரைக் குளிரவைக்க உள்ளே மாட்டியிருக்கும் கூலரின் காற்றாடி கத்தத் தொடங்கியது.

அதே அறையில்தான் அவர் மனைவி செல்வப்பிரியா பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப் பாடத்தைப் பதிவு செய்கிறார். லாரிச் சத்தம் நுழையாத அறை வீட்டில் அது ஒன்றுதான். ஏற்றிய வேகம் நிலைக்கிறதா என்று நாள் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டுமாம், மோகனசுந்தரம் மெஷினை அணைக்கவே மாட்டார். "டீச்சர், உங்க ஊட்ல மாவு அரைக்கறாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்ட அன்று தீர்ப்பு வந்தது.

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பனுங்க. அப்பறமும் சத்தம் கேட்டா அது குடோனுக்குப் போயிரும்."

மாங்காய் குடோனில் தூசியும் எலியும்தான் குடித்தனம். மோகனசுந்தரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். காய் அடிபடாமலிருக்கப் பெட்டியில் வைக்கோல் வைப்பார்கள் இல்லையா? கம்ப்யூட்டரைச் சுற்றி நான்கு பக்கமும் வைக்கோலை அடைத்து, மேலே சாக்கைப் போர்த்தினார். சத்தம் அடங்கியது. அரை மணியில் மெஷினும் அடங்கியது. செல்வப்பிரியா உள்ளே கைவிட்டுப் பார்த்தார். "வைக்கோலு போட்டு மூடுனா மாங்காயே பழுக்குமுங்க. இது உங்களுக்கா தெரியாது?"

பிறகுதான் புதுக் கூலர் வாங்குவதென்று முடிவாகி, பாலக்காட்டுக் கடைக்கு என்னையும் இழுத்துப்போனார். விற்பனைப் பெண் பின்சி, தண்ணீர் ஓட்டிக் குளிரவைக்கும் கூலரைக் காட்டினாள். "மோட்டாரு வேண்டாங் கண்ணு. தோப்புல இருக்கறதே போதும்" என்றார். காற்றாடி வைத்த கூலர்களை ஒவ்வொன்றாகக் காய்போல உள்ளங்கையில் எடைபார்த்தார். ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். "சின்னக் காத்தாடி வேகமாச் சுத்தோணும், அதான் கத்துது. பெருசு மெதுவாச் சுத்தினாலே காத்து வருமுங்க" என்று எனக்கு விளக்கினார். அதில் தப்பே இல்லை. "கேபினெட் எத்தற அகலம் சேட்டா?" என்று பின்சி பெட்டியின் அகலத்தைக் கேட்டபோதுதான் தப்பு நடந்தது. "ஒரு சாணு" என்றார்.

இரட்டைக் காற்றாடியோடு, உரிக்காத தேங்காய் அளவில் ஒரு கூலர் வீடு வந்தது. மாட்டியபின் பெட்டியின் பக்கக் கதவு ஒரு விரற்கடை மூடவில்லை. அவர் கலங்கவில்லை. கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, மாங்காய் அடுக்கும் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் கிரேட்டை அங்கே பொருத்தி, அதிராமலிருக்கச் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டினார்.

ஞாயிறு காலை செல்வப்பிரியா பின்னக் கணக்கைப் பதிவு செய்தார். மோகனசுந்தரமும் நானும் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் பதிவை ஓடவிட்டுக் கேட்டோம். காற்றாடிச் சத்தம் துளிகூட இல்லை. எனக்கே அப்பாடா என்றிருந்தது. அரையும் காலும் சேருமிடத்தில் பதிவுக்குள்ளிருந்து ஒரு குசுகுசுப்பு வந்தது: "ஒண்ணுமே கேக்குலீல்ல?" முக்காலுக்குப் பிறகு இன்னொன்று: "பாத்தீங்களா, சத்தமே இல்லீங்க." பாடம் முடிவதற்குள் ஆறு தடவை.

செல்வப்பிரியா குடோன் பக்கம் கையை நீட்டினார். மோகனசுந்தரம் முகம் வாடிப்போய் மெஷினைத் தூக்கக் குனிந்தார்.

"அது இருக்கட்டுமுங்க" என்றார் செல்வப்பிரியா, நீட்டிய கையை இறக்காமல்.

மோகனசுந்தரம் நிமிர்ந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்று கிரேட்டுக்குள் சுற்றும் காற்றாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் சத்தம் போடாமலிருக்க அதை இரண்டு விரலால் பிடித்தபடி, கதவை மெல்லச் சாத்தினார்.