விலை பேசிய வீடும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் பிறந்து, அதே வீட்டில் அறுபத்தேழு வயது வரை வாழ்ந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா திடீரென்று இறந்தபோது அக்காவுக்கு வயது பத்தொன்பது. செவிலியர் பணியில் சேர்ந்து என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். தமக்கென்று ஒரு திருமணத்தை அவர் நினைக்கவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், என் மகளின் மருத்துவப் படிப்புக்காக அந்த வீட்டை விற்பது என்று நானும் பிரான்சில் இருக்கும் தங்கையும் தொலைபேசியிலேயே முடிவு செய்தோம். அக்காவிடம் சொன்னதும், "சரிடா" என்றார்.

சென்னையிலிருந்து நான் வந்து பார்த்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. குளியலறைச் சுவரின் ஓதத்தைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, ஒழுகும் குழாயை மாற்றியிருந்தார். "ஹால் பெருசா தெரியணும்க்கா, சாமான எல்லாம் உள்ள போட்டுடுங்க" என்று தரகர் சொன்னாராம். தம் கட்டில், தையல் மிஷின், மாதா படம் எல்லாவற்றையும் பின்னறையில் அடைத்துவிட்டார். இரண்டு வாரமாக அந்தக் குவியலுக்கு நடுவில்தான் படுத்திருக்கிறார்.

முதலியார்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் கணவருடன் வீடு பார்க்க வந்தார். எல்லாம் பிடித்திருந்தது. கடைசியாகப் பின்னறையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் யாரு சாமான்?"

"என்னுதுதாம்மா. நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

"வீட்ட குடுத்துட்டு நீங்க எங்க போவீங்க?"

அக்கா சிரித்தபடி என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அதுவரை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

அவர்கள் போன பிறகு அக்காவே சொன்னார்: "மடத்துல ஒரு ரூம் கேட்டு வச்சிருக்கேன்டா. சிஸ்டருங்க தரேன்னுட்டாங்க. பாப்பா படிப்பு கெடக்கூடாது."

உடனே தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் அழுதாள். விற்பனை அன்றோடு நின்றது. அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டோம்.

விஷயம் தெரிந்ததும் என் மகள், "அத்தைய வெளிய அனுப்பிட்டு எனக்கு டாக்டர் படிப்பு வேணாம்ப்பா" என்றாள். புதுச்சேரியிலேயே வேதியியலில் சேர்ந்து, அந்த வீட்டிலேயே அத்தையுடன் தங்கினாள். இதய நோயில் அக்கா படுத்த கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான்.

அந்நாட்களில் துணைநின்ற பங்குத்தந்தை, மருத்துவர், அண்டை வீட்டார், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அக்காவுக்கு மட்டும் நன்றியோடு ஒரு மன்னிப்பும் பாக்கி நிற்கிறது. அதை அவர் இருக்கும்போதே கேட்டிருந்தால், "போடா பைத்தியக்காரா, வந்து சாப்புடு" என்றிருப்பார்.