பிறைக்கூடு

ஈரச் சீமெந்தின் மணமும் களப்பிலிருந்து ஏறிவரும் உப்புக் காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்ததுதான் எனக்கு எங்கள் கல்லூரியின் வானாய்வுக்கூடம். மொட்டைமாடியில் அதைக் கட்ட ஊரே கல் சுமந்தது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து முகாமில் ஓலைக்குடிசையில் இருந்த என் வாப்பாவும் சுமந்தார். தொலைநோக்கி என்றால் நோன்புப் பிறை பார்க்கத்தானே என்று மேசன்மாரும் பள்ளிவாசல் பெரியவர்களும் தாங்களாகவே முடிவுகட்டி, மேற்கே மட்டும் திறப்பு வைத்து, மற்றத் திசைகளையெல்லாம் கல்லடுக்கி மூடிவிட்டார்கள். வியாழனும் சனியும் கிழக்கே உதித்தால் எங்களுக்கென்ன! ஊர் அதற்கு 'பிறைக்கூடு' என்று பெயரும் வைத்தது.

ஒரு வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பன்று, பொழுது சாய்ந்த மஃரிப் வேளையில், விஞ்ஞான ஆசிரியர் தொலைநோக்கிக் குழாயைத் திருப்பித் தர, வெட்டிப்போட்ட நகம்போலப் பிறையை நான் கண்டேன். அவரும் குனிந்து பார்த்தார். "ஓம் மகள், பிறைதான்! வா, பள்ளிவாசல்ல போய்ச் செல்லுவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்.

பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர் ஒருவர், "வெறுங்கண்ணால ஒருத்தரும் காணல்ல. அகதிப் புள்ளட கதைய வெச்சா பெருநாள் எடுக்கிற?" என்றார்.

"என்ட புள்ள பொய் செல்லாது" என்றார் வாப்பா.

"விஞ்ஞான சேரும் கண்டார்" என்றேன் நான். எல்லோரும் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு வடிவாத் தெரியல்ல. புள்ள ஆசையில செல்லுது."

பாவி மனுஷன்! என் கையை அதுவரை பிடித்திருந்தவர், அப்போதுதான் விட்டார்.

மறுநாள் பெருநாளில்லையென்று ஊர் முப்பதாம் நோன்பு பிடித்தது. "கண்டவங்களுக்குப் பெருநாள், பெருநாளண்டைக்கு நோன்பு ஹராம். ஆரும் காணாமத் தின்னு" என்று உம்மா கதவைச் சாத்திவிட்டுப் பாணும் தேத்தண்ணியும் தந்தார். புதுச்சட்டை பெட்டிக்குள் கிடக்க, என் பெருநாளை நான் கள்ளியைப்போலத் தின்று முடித்தேன். அன்று மாலை பிறை, இரண்டாம் நாள் பிறையாய்த் தடித்து, உயரத்தில் நின்றது. ஊரே அண்ணாந்து பார்த்தது. ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது பிறைக்கூட்டின் திறப்பையும் அடைத்து, உள்ளே தண்ணீர்த் தாங்கி வைத்திருக்கிறார்கள். தொலைநோக்கி எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. போன மாதம் மதுரங்குளியில் ஒரு கலியாண வீட்டு வாசலில் அந்த ஆசிரியர், தாடி நரைத்து, என்னருகே வந்தார்.

"மகள், அண்டைக்கு நானும் கண்டன். பெரியாக்களப் பகைச்சிட்டு ஊர்ல இரிக்க ஏலுமா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"உள்ளுக்கு மைக் இரிக்கி சேர். அதுல செல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சாப்பாட்டுக்குக் கூப்புடுறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.