அடைப்புக்குறிக்குள் பாட்சா

பம்மலில் பாட்சாவைச் சண்டைக்காரர் என்பார்கள். உண்மைதான். தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். அங்கிருந்து வந்த கழிவு இறங்கி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக மாறியதிலிருந்து அவர் யாரையும் சும்மா விடவில்லை. முதலாளி, கவுன்சிலர், ஓட்டுக் கேட்டு வந்தவர் என எல்லோரிடமும் சொம்பை நீட்டினார்.

"இன்னா சார் பாக்கற? குடி. நாங்க குடிச்சிகினுதான கீறோம்."

யாரும் குடிக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர் ஒருவர் மட்டும் வந்து உட்கார்ந்து, தெருவில் நாலு பேர் சொன்னதை டேப்பில் பதிந்துகொண்டு போனார். பிறகு நுரையீரல் கெட்டுப் பாட்சா இறந்தார். அது 2007.

மகள் ஹஃபீசாவுக்குத் தாம்பரத்தில் வேலை. வெளிநாட்டு ஆய்விதழ்களை எக்ஸ்எம்எல் என்ற கணினி வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பெனி. பொது வாசகர் பதிப்புக்காக, வரிகளுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் வரும் மேற்கோள் குறிப்புகளை நீக்க வேண்டும் என்று கிளையன்ட் கேட்டிருந்தார். எது மேற்கோள் என்று அடையாளம் காட்டும் டேக் போட்டவர்கள் பாதிக் குறிப்புகளை விட்டிருந்தார்கள். அதனால் அவள் ஃபைல்களை மாற்றும் எக்ஸ்எஸ்எல் நிரலில் முரட்டு விதி ஒன்றை எழுதினாள்: அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் இருந்தால் தூக்கிவிடு.

அத்தாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் காலை, அந்த விதியை ஓட்டி, வெளியே வந்த ஃபைல்களைச் சரிபார்த்தாள். கிணறு மஞ்சளானதைச் சொல்லும் ஆங்கில வாக்கியம் ஒன்றில், முற்றுப்புள்ளிக்கு முன்னால் இடைவெளி விழுந்திருந்தது. ஏன் என்று பார்க்க மூலத்தைத் திறந்தாள். அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்தது: பாட்சா, பம்மல், நேர்காணல், 2004.

அடுத்த பத்தியில் அதே தெருவின் கனகவல்லி. அதற்கடுத்து எட்மண்ட். எல்லோரையும் அவளுடைய விதி துடைத்திருந்தது.

டீம் லீடர் அச்சுதனிடம் போனாள்.

"சார், கிளையன்ட் எடுக்கச் சொன்னது புக்கு, கட்டுரைங்க பேரை. இது ஆளுங்க வாயால சொன்னது. எடுத்தா யார் சொன்னாங்கன்னே தெரியாது."

"சாயங்காலம் ஃபைல் போகணும் ஹஃபீசா. யாரு கவனிக்கப் போறா?"

"நான் கவனிச்சேன்."

அச்சுதன் திரையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "அப்பாவா? சாரிம்மா. அவர் பேரை மட்டும் கையால போட்டுடு. நான் கண்டுக்கல."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கனகவல்லி அக்காவை என்ன பண்றது? அவங்க புருஷனும் அதே குழியிலதான் நின்னாரு."

"பேஜார் பண்ணாத. எல்லாத்தையும் மறுபடி ஓட்டி, மறுபடி படிக்கணும். யாரு உக்காருவா?"

"நான்."

"லேட்டுன்னு யாரு பேருல மெயில் போகும்?"

"என் பேருல போடுங்க."

பழைய விதியை அழித்தாள். அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியலில் தேடு; அங்கே இருந்தால் மட்டும் நீக்கு; இல்லையென்றால் கைவைக்காதே. ஓட்டினாள். அத்தா திரும்பி வந்தார். கனகவல்லியும் எட்மண்ட்டும் வந்தார்கள்.

தாமதத்துக்கு ஹஃபீசாவின் பிழையே காரணம் என்று மெயில் எழுதிவிட்டு, அனுப்பத் தயங்கி அவளைக் கூப்பிட்டுக் காட்டினார் அச்சுதன்.

"அனுப்புங்க சார்," என்றாள். "பிழைதான். காலைல எல்லாரையும் நான்தான அழிச்சேன்."