கண் இல்லாத காகம்: மாங்கரே கரைக்கு ஓர் அரைநாள்

ஒக்லாந்தில் காகம் இல்லை. எண்பத்தேழில், அம்மாவின் ஆட்டைத் திவசத்தன்று, அவர் போய் ஒரு வருடம் நிறைந்த அன்றுதான், அது எனக்குத் தெரியவந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மா போனதைத் தம்பி எல்லாம் முடிந்த பிறகு கடிதத்தில் எழுதினான். கொள்ளி கடைசி மகன் உரிமை, சரி. ஒரு தந்தி அடித்திருக்கலாம். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. திவசமாவது என் கையால் நடக்கட்டும் என்றுதான் மனுரேவா வீட்டில் விடியவே சமைத்தேன்.

சோற்றுக் கவளத்தை வேலியில் வைத்து "கா, கா" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். காகம் எடுக்காமல் நான் சாப்பிட முடியாது. பத்து மணிக்கு ராஜுவுக்குப் போன் செய்தேன். மலேசியாவின் ஈப்போக்காரர், பக்கத்துப் பாபடோயிட்டோயில் மருந்தாளர்.

"இந்த ஊர்ல காக்கா கிடையாது லா, அண்ணே. இத்தனை நாளாத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் ஐசே பட்டினி கிடக்கிறன்?"

"சோத்தைக் கட்டி வைங்க. வரேன்."

மாங்கரே பிரிட்ஜ் கரை, என் வீட்டிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். காரில் அரைமணிக்குள் போய்விடலாம். வழியில் சீனர்களின் காய்கறித் தோட்டங்கள் வரும். ஒரு கடையின் சீனப் பலகையை ராஜு சத்தமாக வாசித்தார். சிறுவயதில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளிக்கூடமாம், அங்கேதான் படித்தாராம்.

கரையில் தண்ணீர் வற்றியிருந்தது. ராஜு ஒரு குச்சி எடுத்து ஈரமணலில் பறவை ஒன்றை வரைந்தார். பக்கத்தில் அதன் சீன எழுத்து: 鳥.

"முதல்ல வெறும் படம்தான் அண்ணே. தலை, கண்ணு, இறக்கை, கீழ வாலும் காலும். எழுதி எழுதி வளைவெல்லாம் கோடாப் போச்சு. காக்கா கறுப்பு, கண்ணும் கறுப்பு. தூரத்துல தெரியாதுல்ல? அதான் காக்கா எழுத்துல கண்ணுக்கான கோட்டை மட்டும் எடுத்துட்டாங்க." கீழே இன்னொன்று எழுதினார்: 烏. "இதான் உங்க காக்கா. வளர்ந்ததும் தாய்க்கே இரை ஊட்டுமாம். சீனர் சொல்லுவாங்க."

அந்தக் காகத்தின் மேல் கவளத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கடற்புறாக்கள் சுற்றின. ஒன்றும் இறங்கவில்லை. காற்று கிழித்தது, பசி வயிற்றைப் பிடித்தது. எனக்கு எதுதான் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று தோன்றியது.

"அண்ணே, கண்ணு வச்சிடவா?"

"வைச்சா?"

"காக்கா வெறும் பறவை ஆயிடும். எது வந்தாலும் சரிதானே?"

அம்மாவை நினைத்தேன். வாசலுக்கு வந்த யாருக்கும் அவர் பெயர் கேட்டுச் சோறு போட்டதில்லை. "ஓம், வையும்," என்றேன்.

ராஜு குனிந்து ஒரு சிறு கோடு இழுத்தார். நாங்கள் திரும்பிக் கார்ப் பக்கம் நடந்தபோது பின்னால் சிறகடிப்பு. ஒரு கடற்புறா முழுக் கவளத்தையும் கொத்திக்கொண்டு கிளம்பியது.

மிச்சச் சோற்றைக் கார் பொனட்டில் வைத்து இருவரும் சாப்பிட்டோம். நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ராஜுவுக்குச் சொன்னேன். எக்காலத்திலோ காகத்தைத் தூரத்தில் நின்று பார்த்த அந்தச் சீனருக்கும் மனதுக்குள் சொன்னேன்.

போகிறவர்கள் பேப்பரில் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். கடல் ஏறும் வெள்ளத்தில் மணல் கிடையாது. ஜாக்கெட் அவசியம். சோறு கொஞ்சம் கூடுதலாக எடுங்கள், குச்சி அங்கேயே கிடைக்கும். காகத்தை எழுதினால் கண்ணையும் வைத்துவிடுங்கள்.