அக்கா வரைந்த படி

எனக்குக் கோவையாக எழுத வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள், மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஈப்போவில் பேத்தியின் பள்ளியில் பிள்ளைகள் வரைந்த படங்களை மாட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து பந்து விளையாடும் படத்தின் முன்னால் நின்றபோது, எனக்கு அக்கா ஞாபகம் வந்தது.

பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர்களுக்கான லயத்து வீடுகள் தூண்மேல் நிற்கும். மரப்படி ஏறித்தான் வாசலுக்குப் போகவேண்டும். இளம்பிள்ளை வாதத்தில் அக்காவுக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. வீட்டுக்குள் கையூன்றித் தவழ்ந்து எல்லா வேலையும் செய்வாள். படியிடம் மட்டும் அவள் ஜம்பம் சாயாது. அப்பாவும் அம்மாவும் பால்வெட்டு முடிந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுப்பாள். அப்பா வந்து தூக்கி இறக்கினால் படியடி மண்ணில் உட்கார்ந்திருப்பாள். யாரும் தூக்காமல் தானாகக் கீழே இறங்கவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

'எங்கள் வீடு' என்று படம் வரையச் சொன்ன வாத்தியார், பள்ளிக்கு வராத அக்காவுக்கும் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். பிறகு எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டிப் பெற்றோரைக் கூப்பிட்டார். அப்பா அக்காவை முதுகில் சுமந்து வந்தார்.

எங்கள் படங்களில் பூச்செடியும் சூரியனும். அக்கா படத்தில் முழங்கால்கள், பால் வாளிகள், ஓர் ஆட்டின் வயிறு. நடுவில் தாளின் உச்சிவரை படி. அதற்கும் மேலே வீடு, குருவிக்கூடு அளவில்.

"எல்லாரும் தலைய காட்டுலயே விட்டுட்டு வந்துட்டாங்களா லா?" என்றான் அண்ணன்.

"ஒன் தல மட்டும் இருந்துச்சு. அசிங்கமா இருக்குன்னு அழிச்சிட்டேன்" என்றாள் அக்கா, அப்பா முதுகிலிருந்தபடியே.

அம்மாவும் சிரித்துக்கொண்டே, "நம்ம படி இம்மாம் ஒசரமாடி?" என்றார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பியதும் அக்காவை உள்ளே விட்டுவிட்டு, அப்பா படியடியில் வெறும் மண்ணில் உட்கார்ந்து வாசலை அண்ணாந்து பார்த்தார். கூரையில் பாம்போ என்று நானும் பார்த்தேன்.

"என்னாப்பா?"

"இப்பதான் பாக்குறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படியை ஒட்டி நீளமாகச் சரிவுப் பலகை போட்டு, பிடித்துக்கொள்ளக் கட்டையும் அடித்தார். அக்கா உட்கார்ந்தபடியே நழுவி இறங்கினாள். கட்டையைப் பிடித்து ஏறினாள். மறுபடி இறங்கினாள். குழாயடிக்குப் போயிருக்கலாம், ஆட்டைப் பார்க்கப் போயிருக்கலாம், எங்கேயும் போகவில்லை. அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

"எங்கயும் போவாம சும்மா ஏறி எறங்குறதுல என்னாக்கா இருக்கு?"

"ஒனக்குச் சொன்னாலும் வெளங்காது, தள்ளு லா."

விளங்கவில்லைதான்.

அக்கா இப்போது சித்தியவானில் மகன் வீட்டில் இருக்கிறாள். படத்தில் இருந்தது ஆடா பசுவா என்றுகூட எனக்கு உறுதியில்லை. யாராவது இதை அவளிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.