பேரன் தூங்கிய வண்டி

வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்கு ஹாரன் என்று பேர். முன்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடித்துக்கொண்டே போவார். பேரன் பிறந்த நாளிலிருந்து அந்தக் கை ஹாரன் பக்கமே போகவில்லை. பிள்ளை பயந்துவிடுமாம். வண்டியில் பிள்ளை இல்லாதபோதும் அடிக்க மாட்டார்.

அப்படி ஒரு பேரன். உள்ளங்கால் இரண்டும் பஞ்சு. தும்மினால் தானே திடுக்கிட்டு, யார் தும்மியது என்று சுற்றிப் பார்ப்பான். தொட்டிலில் போட்டால் தூங்க மாட்டான், தோளில் போட்டாலும் மாட்டான். சாயங்காலமானால் ஹாரன் வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி, இன்ஜினை ஓடவிட்டு, அவனை மடியில் சாய்த்துக்கொள்வார். அந்தப் பழைய டீசல் இன்ஜினின் கடகடப்பு சீட்டு வழியாக ஏறி வரும். பிள்ளையின் கண் இரண்டும் சொருகும்.

"டீசல் ஊத்தித் தாலாட்டுப் பாடுற தாத்தா இவர் ஒருத்தர்தான்யா" என்று ஸ்டாண்டில் கிண்டல் செய்வார்கள். ஹாரனுக்கு அதில் பெருமைதான்.

மகள் பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளை குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. ஹாரன் அனுப்புகிற பாடாக இல்லை. மருமகன் மெக்கானிக், பக்கத்து ஊரில் ஒர்க்ஷாப் மாடியில் ஓர் அறையில் இருந்தான். லீவு நாளில் வந்து தயங்கித் தயங்கிக் கேட்பான். ஒரு தடவை வெயில் என்றார். ஒரு தடவை சளி. இன்னொரு தடவை பல் முளைக்கிற நேரம் என்றார். மனைவி போன பிறகு அவர் தனியாகத் தின்று தனியாகப் படுத்த வீடு அது. இப்போதுதான் அதில் சத்தம் கேட்கிறது. அதை எடுத்துக் கொடுக்க அவருக்கு மனசில்லை.

கடைசியில் மருமகன் ஸ்டாண்டுக்கே வந்து, நாலு டிரைவர்கள் முன்னால் கேட்டுவிட்டான்.

"மாமா, இந்த வாரம் கூட்டிட்டுப் போறேன்."

ஹாரனுக்குச் சுருக்கென்றது. "கூட்டிட்டுப் போய் எங்க வைப்ப? கிரீஸ் டப்பா மேலயா? என் வண்டி மேட்டுல ஏறினா ஆயில் கொதிச்சு டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரியுது. எத்தனை தடவை சொன்னேன்? அதையே சரி பண்ணத் தெரியாதவன் ஒரு புள்ளைய வளக்கப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மருமகன் முகம் சிவந்தது.

"இதே இன்ஜின் பெரிய வேன்லயும் வருது மாமா. அதுக்குக் கம்பெனியிலேயே ஆயிலக் குளிர வைக்க ஒரு கூலர் வச்சு அனுப்புறாங்க. உங்க வண்டிக்கு வைக்கல, அவ்வளவுதான். அதை வாங்கி மாட்டினா லைட் எரியாது."

"எரியாம மலை உச்சி வரைக்கும் ஏத்திக் காட்டு. அதே வண்டில ரெண்டு பேரையும் கொண்டுவந்து உன் வீட்ல விடுறேன். ஏறலன்னா, புள்ள நடக்கப் பழகுற வரைக்கும் கேட்டு வரக் கூடாது. சரியா?"

"சரி மாமா."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று ஹாரன் நினைக்கவில்லை. அன்றைக்கே நேராக மகன் தங்கி வேலை செய்யும் பழைய வண்டி உடைக்கிற யார்டுக்குப் போனார். தகரம் என்றால்தான் மகனை அங்கே தெரியும்.

தகரம் இரண்டு கூலர் எடுத்து வைத்தான். "இது மோதின வண்டியில கழட்டினது, நல்லது. அது வேண்டாம்பா. இன்ஜின் இறுகிப் போன வேன்லேருந்து வந்தது. பேரிங்லாம் பொடியாயிடுச்சு. அந்தத் தூள் கூலர் சந்துக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும். கழுவினாலும் போகாது."

"மாப்பிள்ளை வந்தா அதத்தான் குடுக்கணும்."

தகரம் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான். "உங்க வண்டிப்பா. இன்ஜின் போயிடும்."

"போனா உன் யார்டுல இன்னொரு இன்ஜின் கிடைக்கும். இன்னொரு பேரன் கிடைப்பானா?"

மறுநாள் மருமகன் யார்டுக்கு வந்து கேட்டான். "எந்த வண்டியோடது மச்சான்?"

"மோதின வண்டி. இன்ஜின் தங்கம்" என்றான் தகரம், தரையைப் பார்த்துக்கொண்டு.

வேறு யார் கொடுத்திருந்தாலும் மருமகன் நம்பியிருக்க மாட்டான். டீசல் ஊற்றி அலசினான், தெளிவாகத்தான் வந்தது. அந்த இன்ஜினில் எண்ணெய் ஃபில்டரைத் தாண்டித்தான் கூலருக்கு வரும், கூலரிலிருந்து நேரே பேரிங்குக்குப் போகும். நடுவில் தடுக்க ஒன்றும் கிடையாது. அது தெரிந்தவன்தான். ஆனாலும் மச்சான் கொடுத்தது. நீளமான போல்ட் தேடிப் பிடித்து, புது ரப்பர் வளையம் வைத்து, தண்ணீர் ஓஸ் குழாய் இரண்டை அளவாக வெட்டி இணைத்து, ஒரு சொட்டு ஒழுகாமல் மாட்டினான். ஹாரன் பக்கத்தில் நின்று, "கை நடுங்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கை நடுங்கவில்லை.

மேடு ஏறும்போது ஹாரன் ஓட்டினார். மருமகன் பக்கத்தில். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, லைட் எரியவில்லை. வழக்கமாக எரிகிற பாலத்தையும் தாண்டிவிட்டது. மருமகன் சிரிக்க ஆரம்பித்தான். ஹாரன் எரியாத லைட்டையே திரும்பத் திரும்பப் பார்த்தார். மகன் கடைசி நேரத்தில் மனசு மாறி நல்லதைக் கொடுத்துவிட்டானோ?

அப்புறம் அடியிலிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. டக். டக். டக்.

"மாமா, நிறுத்துங்க! பேரிங் அடிக்குது! ஆஃப் பண்ணுங்க!"

"இன்னும் உச்சி வரலியே மாப்ள."

"இப்ப நிறுத்தினா இன்ஜினக் காப்பாத்திடலாம் மாமா!"

ஹாரன் காலை எடுக்கவில்லை, இன்னும் அழுத்தினார். முப்பது வருஷம் சோறு போட்ட வண்டி அவர் காலுக்கடியில் அலறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். ஒரு குலுக்கல். அப்படியே நின்றுவிட்டது.

"ஏறலியே" என்றார்.

லாரி கட்டி இழுத்து வாசலில் விட்டார்கள். மருமகன் கூலரைக் கழற்றி, ரம்பத்தால் குறுக்கே அறுத்து, வெள்ளைத் துணியின் மேல் தட்டினான். மினுமினு என்று உலோகத் தூள் கொட்டியது. தகரம் பக்கம் திரும்பினான்.

"மோதின வண்டியா மச்சான்?"

தகரத்தின் கண் போன இடத்தில் அப்பா நின்றார்.

"ஆமா, நான்தான் குடுக்கச் சொன்னேன்" என்றார் ஹாரன். "பாத்து வாங்க வேண்டியது உன் வேலை. மாட்டினது யார் கை?"

மருமகன் மனைவியைப் பார்த்தான். இடுப்பில் பிள்ளையோடு நின்றவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு, போலாம்" என்றான்.

"என்னை வச்சுப் பந்தயம் கட்டினப்ப என்னைக் கேட்டீங்களா?" என்றாள். "அப்பா ஏமாத்திட்டார். நீங்க மட்டும் என்ன? வண்டி ஏறினா நானு, ஏறலன்னா நானும் இல்ல, புள்ளையும் இல்ல. சரின்னுதானே தலையாட்டினீங்க? தோத்துட்டீங்க. போங்க."

அவன் அறுத்த பாதிகள் இரண்டையும் துணியில் சுருட்டிக்கொண்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது. மகள் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். "உங்களுக்காகத்தானே இருக்கான். தூங்க வைங்க."

வண்டிக்குள் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார், செத்த இரும்பு 'டொக்' என்றது. பிள்ளை வீறிட்டது.

"டேய், யார்டுல இன்ஜின் இருக்குல்ல?" என்று கத்தினார்.

"இருக்குப்பா" என்றான் வாசலில் நின்ற தகரம். "மாட்டுறவரத்தான் அனுப்பிட்டீங்க."

ஹாரன் உதட்டைக் குவித்து, "டுர்ர்ர்ர்" என்றார். பிள்ளை ஒரு நொடி நிறுத்தி அவர் வாயைப் பார்த்தது. அந்த இன்ஜின் சத்தம் இல்லை என்று தெரிந்ததும் இன்னும் பலமாக அழுதது. அவர் கியர் மாற்றுகிற மாதிரி தோளை ஆட்டி, எச்சில் தெறிக்க, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.