பொன்னுத்தாயிடம் சொன்னது

திருவெள்ளறைக் காளியாயியிடம் அவள் கதையைக் கேட்டால், பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர் என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டாள். புருஷன் மருதையின் இருமலில்தான் ஆரம்பிப்பாள்.

ஐம்பத்தாறாம் வருஷம், கடலை பிடுங்குகிற சமயம். மருதை ரத்தமாகக் கக்கினான். மறுநாள் விடிந்ததும் அவனுடைய அண்ணன் வீரமலை வண்டி கட்டித் திருச்சிக்குக் கொண்டுபோய் காசநோய் வார்டில் சேர்த்தார். திரும்பி வந்தவர் காளியாயியைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"ஊருக்குள்ள மூச்சு விடாத. புள்ளைக்கும் தெரிய வேணாம். எங்கயாச்சும் உளறிருச்சுன்னா, நாளைக்கு நம்ம வீட்டுல ஒருத்தன் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டான்."

அவர் கெட்டவர் இல்லை. அந்த நோய்க்கு ஊரே பயந்த காலம் அது. அதனால் எட்டு வயது பொன்னுத்தாயிடம், அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தார்கள். பொன்னு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வார்டில் ரோசரி என்றொரு நர்ஸ் இருந்தாள். பாலக்கரைக்காரி. நடை ஓட்டமாகத்தான் இருக்கும். கண்ட இடத்தில் துப்புகிற நோயாளியை, வயதில் பெரியவரானாலும், ஒரு பிடி பிடித்துவிடுவாள். காளியாயிக்கு முதலில் அவளைக் கண்டாலே நடுக்கம். ஒருநாள் மருதைக்கு ஊசி போட்டுவிட்டு வந்தவள் கேட்டாள்.

"புள்ள அப்பாவைத் தேடுதாங்க?"

"ஒரு வார்த்தை கேக்கல சிஸ்டர். தங்கமான புள்ள. சோறுதான் சரியா எறங்க மாட்டேங்குது."

ரோசரி ஊசித் தட்டைக் கீழே வைத்தாள். "கேக்காம இருக்கறதுதாங்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாங்க. வார்டுக்குள்ள விட மாட்டாங்க. வெளியில மரத்தடியில உக்காந்து பேசலாம்."

"எனக்கு வாய் வராதே சிஸ்டர். நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் பக்கத்துலயே இருக்கேன். ஆனா சொல்றது நீங்களா இருக்கணும். நாளைக்கு ஒரு சந்தேகம்னா அவ ஒங்ககிட்டதானே வரணும்?"

வீரமலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "எம் புள்ளைய நான் பாக்கணும்" என்று மருதை சொல்லி அனுப்பிய பிறகு தடுக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட வேண்டும் என்று காளியாயி நினைத்திருந்தாள். கொள்ளிடம் போயிற்று, காவேரிப் பாலமும் போயிற்று, வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி மரத்தடியில் ரோசரிதான் தரையில் உட்கார்ந்து, குழந்தையைப் பார்த்துக் கேட்டாள்.

"பொன்னு, அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு நீ நெனைக்கற?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"நான் கன்னுக்குட்டிய அவுத்து விட்டுட்டேன். அது பாலெல்லாம் குடிச்சிருச்சு. அப்பா கத்துச்சு. கத்தி கத்தி ரத்தமா வந்துருச்சு. செத்துப் போச்சு. என்னாலதான்."

இத்தனை நாளும் இந்தச் சின்ன நெஞ்சுக்குள் இதையா வைத்திருந்தாள்! காளியாயி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வராது என்று பயந்த பேச்சு தானாக வந்தது.

"அப்பா சாகல கண்ணு. இங்கதான் இருக்காரு. நெஞ்சுல சீக்கு. நீ கன்னை அவுத்து விடறதுக்கு ரொம்ப முந்தியே வந்த சீக்கு அது. ஒன்னால இல்லம்மா. அம்மாதான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"பொழைச்சுக்குமா?"

காளியாயி ரோசரியைப் பார்த்தாள். ரோசரி அவள் தோளில் கை வைத்தாள். காளியாயி மகளிடமே திரும்பினாள்.

"தெரியல கண்ணு. தெனம் ஊசி போடறாங்க. நல்லாயிரும்னு நம்பிட்டு இருக்கேன். எதுவா இருந்தாலும் மொதல்ல ஒங்கிட்ட சொல்லிடறேன்."

ரோசரி எழுந்து போய் மருதையை மாடி வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். எலும்பும் தோலுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொன்னு அண்ணாந்து பார்த்தாள். காளியாயிக்குப் பயமாக இருந்தது, குழந்தை மிரண்டுவிடுமோ என்று.

"அப்பா! சோறு தின்னியா?"

"தின்னேன்டா. நீ?"

"இனிமேதான்!"

கொண்டுபோன கட்டுச்சோற்றை அந்த மரத்தடியிலேயே பொன்னு தின்று தீர்த்தாள்.

வருஷம் திரும்பி மருதை வீட்டுக்கு வந்தான். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கத் தெம்பில்லை. ஆடு மேய்த்தான். சமயபுரத்தில் பொன்னுவின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தான். அறுபத்தாறில் நோய் திரும்பியபோது, இந்தத் தடவை தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை அவனே பெண்டாட்டியையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னான். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. நிலத்தைப் பற்றிப் பேசினார்கள், காளியாயி யாரோடு இருப்பது என்று பேசினார்கள். கருவாட்டுக் குழம்பு வேண்டுமென்றான், பொன்னு வைத்துக் கொடுத்தாள். தம்பிக்கு எப்படி இருக்கிறது என்று வீரமலைகூடப் பொன்னுவின் முன்னாலேயே கேட்டார்.

மருதை போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு காளியாயி ஒரு பை பச்சைக் கடலையோடு பாலக்கரைக்குப் போனாள். ரோசரிக்கு அப்போது தலை நரைத்திருந்தது.

"பொன்னு எப்படிங்க இருக்கா?"

"அழுவுறா சிஸ்டர். அழுவும்போது எங்கிட்ட வந்துதான் அழுவுறா. ரெண்டு பேருமா அழுதுட்டு, அவரு பேச்சையே பேசிட்டு இருக்கோம்." காளியாயி ரோசரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்."

ரோசரி கையை உருவிக்கொண்டு, கடலையை அவிக்க அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.